வண்டியை இறக்கி வைத்துவிட்டு இறுக்குங்கள்

கேள்வி: தக்கலையில் இருந்து எழுதுகிறேன். என்னுடையது 2015 மாடல் டீசல் கார், சின்ன வண்டிதான். 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் நாகர்கோவில் போய் வருவேன். மாதம் இரண்டு தடவை குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம். நாலைந்து மாதமாக வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்னால் இடது பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் போகிறது. இடது முன் டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகிவிட்டது. அலைன்மெண்ட் இரண்டு தடவை செய்தாயிற்று; மூன்று வாரத்தில் பழையபடி. ஒரு பட்டறையில் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று முன்னால் இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. இன்னொருவர் லோயர் ஆர்மை முழுசாக மாற்றணும் என்கிறார். மூன்றாமவர் புஷ் மட்டும் போதும், அதையும் பாலியூரித்தேனில் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார். யாரை நம்புவது? இன்னொன்று: திருநெல்வேலி போகும்போது ஆரல்வாய்மொழி தாண்டினால் வண்டியின் பின்பக்கம் தனியாக அலைவதுபோல் இருக்கிறது. இதுவும் அதோடு சேர்ந்ததா?

பதில்:

தக்கலை வாசகருக்கு,

மூன்றாமவர் சொன்னதில் பாதி சரி. இரண்டாமவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். அது, ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டைப் பார்த்த பிறகு தெரியும். ஷாக்கை மாற்றியவர் செய்ததைத்தான் ஏற்க முடியவில்லை. ஷாக் போனால் வேகத்தடையைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை குதித்துத்தான் அடங்கும், அல்லது ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து அதன்மேல் தூசி அப்பியிருக்கும். பிரேக்கில் ஸ்டியரிங் திரும்புவதற்கும் மூன்று வாரத்தில் அலைன்மெண்ட் கலைவதற்கும் ஷாக்கைக் குற்றம் சொல்ல முடியாது. சத்தம், பிரேக்கில் இழுப்பு, உள்விளிம்புத் தேய்மானம், நிலைக்காத அலைன்மெண்ட் என நான்கையும் ஒரே முடிச்சில் கட்டக்கூடியது இடது முன் லோயர் ஆர்மின் புஷ். அதிலும் பின்னால் இருக்கும் பெரிய புஷ்.

லோயர் ஆர்ம் சக்கரத்தையும் வண்டியின் அடிச்சட்டத்தையும் இணைக்கும் இரும்புக் கை. சக்கரத்துப் பக்கம் பால் ஜாயிண்ட், சட்டத்துப் பக்கம் புஷ் எனப்படும் ரப்பர் வைத்த இரண்டு குழல்கள். சின்ன கார்களில் பெரும்பாலும் முன்புஷ் சிறியது, கெட்டியானது; ஆர்ம் மேலும் கீழும் அசைவதற்கு அதுதான் கீல். பின்புஷ் பெரியது, வேண்டுமென்றே மெத்தென்று செய்தது. குழியில் முட்டும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படும் அல்லவா, அந்த உதையை அது வாங்கிக்கொள்ளும். அதன் ரப்பர் கிழிந்துவிட்டால் பிரேக் பிடித்த நொடியில் சக்கரம் சில மில்லிமீட்டர் பின்னால் போய்விடும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் நீளம் மாறாததால் சக்கரத்தின் முகம் திரும்பும். ஒரு பக்கம் மட்டும் இப்படித் திரும்பினால் வண்டி இழுக்காமல் என்ன செய்யும்? அலைன்மெண்ட் மெஷின் அளப்பது நிற்கிற வண்டியை. டயர் தேய்வதோ ஓடுகிற வண்டியில்.

புஷ்ஷைப் பற்றி ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பேச்சிப்பாறைப் பக்கம் போகிறவருக்கு ரப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து வீடுகளில் காயப்போட்டிருக்கும் ஷீட்டும் உங்கள் வண்டிப் புஷ்ஷும் ஒரே மரத்துப் பால். இயற்கை ரப்பரில் கந்தகமும் கார்பன் கருப்பும் சேர்த்து, இரண்டு இரும்புக் குழல்களுக்கு நடுவில் வைத்து, சூட்டில் அழுத்தி வேகவைக்கிறார்கள். ரப்பர் வெளிக்குழலோடும் உள்குழலோடும் ஒட்டியே போய்விடும். வெளிக்குழல் ஆர்மின் துளையில் இறுகி நிற்கிறது. உள்குழலை போல்ட் சட்டத்தோடு நெரித்துப் பிடித்துக்கொள்கிறது. ஆக, எந்தக் குழலும் சுற்றுவதில்லை. ஆர்ம் அசையும்போது நடுவில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு, பிறகு தன் நிலைக்குத் திரும்புகிறது. கதவுக் கீலைப் போல் உராய்ந்து சுற்றும் பாகம் இல்லை என்பதால் இதற்கு கிரீஸ் தேவையில்லை. கிரீஸ் அடித்துச் சத்தத்தை நிறுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் எதிரி. ஊறி, உப்பி, பிசுபிசுத்துப் போகும்.

இனி சோதனை. காசு செலவில்லாததில் இருந்து தொடங்கலாம்.

ஆளில்லாத சமதரையில் வண்டியை நடை வேகத்தில் முன்னால் ஓட்டிச் சட்டென்று பிரேக் பிடியுங்கள். அடுத்து ரிவர்ஸில் அதே போல். திசை மாறும் ஒவ்வொரு தடவையும் முதல் பிரேக்கில் மட்டும் ஒரே ஒரு ‘டொக்’ வந்தால் ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்து முட்டுகிறது என்று பொருள். ஒருவரைப் பக்கவாட்டில், மூன்று நாலு அடி தள்ளி நிற்கவைத்து இடது முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கில் சக்கரம் பின்னால் நகர்வது பல நேரம் கண்ணுக்கே தெரியும். வலது சக்கரத்தையும் இப்படிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

இந்தச் சோதனையில் சத்தமே வராமல், உடைந்த ரோட்டில் மெதுவாகப் போகும்போது மட்டும் ‘கடகட’ என்று வந்தால் சந்தேகத்தை லிங்க் ராடு பக்கம் திருப்ப வேண்டும். இடது, வலது பக்கங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியின் முனையில் இருக்கும் சிறு கம்பி அது. அதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. வேகத்தடையில் நேராக ஏறினால் இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து எழும்பும். அப்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்காது, அதனால் லிங்க் ராடுக்கும் வேலை குறைவு. ஒரு சக்கரத்தை மட்டும் குழியில் விட்டு எடுத்தால் லிங்க் ராடு துள்ளும். நேராக ஏறும்போது அமைதி, ஒற்றைச் சக்கரத்தில் லொடலொட என்றால் லிங்க் ராடு. உங்களுக்கு நேராக ஏறும்போதே ‘டொக்’ என்று வருகிறது என்பதால் நான் ஆர்மைவிட்டு நகரவில்லை.

ஓர் இடைச்செருகல். விதிப்படி போடும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அதில் 25 கிலோமீட்டர் வேகத்தில் கார் அலுங்காமல் ஏறி இறங்கும். நம்மூர் உட்தெருக்களில் ஒரு முழ அகலத்தில் தாரைக் குவித்து வைத்திருப்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. அவற்றைத் தினமும் தாண்டும் வண்டிக்கு 94,000 கிலோமீட்டரில் புஷ் போவது குறை சொல்லத்தக்க விஷயமல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால், ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே பிடித்திருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட். காலையில் முதல் சில வேகத்தடையில் மட்டும் ‘கீச்’ என்றால் ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர்; அதன்மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், சத்தம் நின்றால் உறுதி. வேகம் கூடக்கூட முனகல் கூடினால் வீல் பேரிங். உங்களுக்குப் பிரேக்கில் இழுப்பு இருப்பதால், பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரையும் விடக்கூடாது: பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களுக்கு அருகிலும் உள்ளங்கையைத் தொடாமல் காட்டுங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஷாக் மாற்றிய பட்டறையில் கழற்றிய லிங்க் ராடு நட்டு, ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) பிடிக்கும் இரண்டு போல்ட், மேலே உள்ள நட்டு ஆகியவற்றையும் ஒரு தடவை சாவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அண்மையில் கை வைத்த இடத்தை முதலில் பார்ப்பது இந்தத் தொழிலில் பாதிச் செலவை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது தடவையாக அலைன்மெண்டுக்குப் போவதாக இருந்தால் ஒன்று கேளுங்கள். மெஷினில் டோ அளவு (சக்கரத்தின் முகம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) வந்ததும் அதைக் குறித்துக்கொண்டு, வண்டியை ஒரு மீட்டர் பின்னால் உருட்டிப் பிரேக் பிடித்து, மறுபடி முன்னால் கொண்டுவந்து நிறுத்தித் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். யாரும் எதையும் திருகாமலேயே இரண்டு அளவும் வேறுவேறாக வந்தால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. அந்த நிலையில் அலைன்மெண்ட் செய்வது ஆடுகிற மேசையில் தராசு வைப்பது போல. நேர்மையான கடைக்காரர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

டயரையும் தடவிப் பாருங்கள். டிரெட்டின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே இழுங்கள், பிறகு உள்ளேயிருந்து வெளியே. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்லாகவும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது. இரண்டு திசையிலும் வழவழப்பாக, உள்விளிம்பு மட்டும் கரைந்திருந்தால் கேம்பரையும், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவையும், பார்க்க வேண்டும். ஷாக் மாற்றியபோது ஸ்ட்ரட் போல்டுகள் கொஞ்சம் தள்ளி இறுகியிருக்கலாம்.

அடுத்து வண்டியைத் தூக்கிப் பார்ப்பது. சமதரை, ஹேண்ட் பிரேக், கியரில் நிறுத்தம், பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியில் தூக்கியதும் சட்டத்தின் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டாதீர்கள், ஒரு நிமிஷத்துக்குக்கூட. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் மட்டும் தெரிகிறதா? டை ராடின் வெளிமுனை மூட்டு (டை ராடு எண்ட்) அல்லது உள்முனை மூட்டு (ரேக் எண்ட்). புஷ் இந்த ஆட்டலில் பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. அதற்கு ஒன்றரை அடி நீளமுள்ள லீவரை ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து நெம்ப வேண்டும். கை பலம் போதும், தொங்க வேண்டாம்.

என்ன பார்க்க வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பின்புஷ்ஷின் ரப்பரில் பிறை வடிவில் இரண்டு இடைவெளிகள் இருக்கும். அவை கிழிசல் அல்ல. முன்னும் பின்னும் மெத்தென்று இருப்பதற்காக வார்க்கும் அச்சிலேயே விட்டவை. அதைக் காட்டிப் புஷ் கிழிந்துவிட்டது என்று சொன்னால் ஏமாறாதீர்கள். அதேபோல ரப்பரின் மேல்தோலில் எறும்பு ஊர்ந்த தடம்போல் மெல்லிய வெடிப்புகள் இருந்தால் அது வயசு. அதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. உண்மையான கிழிசல் பிறையின் முனையில் இருந்து உள்குழலை நோக்கி ஓடும், விளிம்புகள் புதிதாகக் கறுத்துப் பளபளக்கும். இன்னொரு வகையில் ரப்பர் முழுசாக இருக்கும், ஆனால் குழலைவிட்டு உரிந்திருக்கும். நெம்பும்போது இரும்புக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு கோடு திறந்து மூடும், துருப்பொடி உதிரும். முன்புஷ் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது. பின்புஷ் அதைவிடக் கூடுதலாக நகரும், ஆனால் இழுத்துப் பிடித்தபடி நகர்ந்து, விட்டதும் திரும்ப வேண்டும். தடையே இல்லாமல் போய் இரும்பில் ‘டக்’ என்று முட்டினால் கதை முடிந்தது. சந்தேகம் இருந்தால் வலது பக்கத்தையும் அதே லீவரால் அதே பலத்தில் நெம்புங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ஆர்மா, புஷ்ஷா என்ற கேள்விக்கு வருகிறேன். பல சின்ன கார்களில் பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும், தனியாகக் கழற்ற முடியாது. அதில் ஆட்டம் இருந்தாலோ, அதன் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்திருந்தாலோ முழு ஆர்மாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். ஆர்மைக் கழற்றி மாட்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். புஷ் மட்டும் போட்டு, ஆறு மாதத்தில் பால் ஜாயிண்டுக்காகத் திரும்பக் கழற்றினால் அந்தக் கூலி இரண்டு தடவை. ஆர்ம் எதிலாவது இடித்து வளைந்திருந்தாலும், புஷ் உட்காரும் துளை துருவில் அரித்திருந்தாலும் அப்படியே. இந்த இரண்டும் இல்லை, பால் ஜாயிண்ட் கெட்டியாக இருக்கிறது என்றால் புஷ் மட்டும் போதும். எதுவானாலும் இடது, வலது இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்யுங்கள். ஒரு பக்கம் புதுசின் விறைப்பும் மறுபக்கம் பழசின் தளர்ச்சியுமாக இருந்தால் பிரேக்கில் இழுப்பு முழுசாகப் போகாது.

பாகம் வாங்கும்போது பழைய புஷ்ஷைக் கையில் கொண்டுபோங்கள். வெர்னியரில் மூன்று அளவு: வெளிக்குழலின் விட்டம், உள்குழலின் துளை, உள்குழலின் நீளம். கடைசி அளவைத்தான் யாரும் பார்ப்பதில்லை. உள்குழல் அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் போல்டை எவ்வளவு இறுக்கினாலும் சட்டத்தின் காதுகள் குழலைச் சரியாக நெரிக்காது. குழல் போல்டின்மேல் சுற்றத் தொடங்கி, புது புஷ்ஷிலேயே சத்தம் வரும். உள்குழலின் முனைகளில் பல்வரி வெட்டியிருந்தால் அது பிடிப்புக்காக. புதுசிலும் இருக்க வேண்டும்.

புஷ்ஷை ஏற்றுவது பிரஸ்ஸில் செய்ய வேண்டிய வேலை. சுத்தியலால் அடித்து ஏற்றினால் வெளிக்குழல் கோணிப்போகும். பழசை எடுக்கக் கேஸ் கட்டரால் எரிப்பவர்கள் உண்டு. புகையும் கெடுதல், ஆர்மும் பதம் கெடும். பிரஸ்ஸுக்கு அசையாவிட்டால் வெளிக்குழலை ஹேக்சா பிளேடால் நீளவாக்கில் அறுத்து எடுக்கலாம், ஆர்மின் துளையில் கீறல் விழாமல். கழற்றுவதற்கு முன்பே பிறை இடைவெளி எந்தத் திசையில் இருந்தது என்று ஆர்மின்மேல் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். புதுசில் அம்பு அல்லது குறி இருக்கும். அது திசை மாறி உட்கார்ந்தால் மெத்தென்று இருக்க வேண்டிய பக்கம் கெட்டியாகவும் கெட்டியாக இருக்க வேண்டிய பக்கம் மெத்தென்றும் ஆகிவிடும். துளையை எமரி பேப்பரால் தேய்த்துத் துடைத்து, வெளிக்குழலின் விளிம்பில் மட்டும் பொருந்தும் வளையத்தை வைத்து அழுத்த வேண்டும். ரப்பர்மேலோ உள்குழல்மேலோ அழுத்தம் விழுந்தால் ஒட்டு அப்போதே உரியும். வெளிப்பக்கம் ரப்பராக உள்ள புஷ் என்றால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், ஆயில் வேண்டாம். புஷ் கையால் தள்ளினாலே உள்ளே போகிறது என்றால் துளை அகன்றுவிட்டது. அங்கே இரண்டு பொட்டு வெல்டிங் வைத்து நிறுத்தித் தருகிறேன் என்பார்கள். அந்தச் சூட்டில் ரப்பர் ஒட்டு விட்டுவிடும். ஆர்மை மாற்றுங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நல்ல புஷ்ஷாகப் போட்டும் ஆறு மாதத்தில் கிழிகிறது என்ற புகாருக்குப் பாகத்தைவிட அதை இறுக்கிய நேரம்தான் பெரும்பாலும் காரணம். ஆர்மை மாட்டும்போது வண்டி தூக்கிய நிலையில் இருக்கும், சக்கரம் கீழே தொங்கும். அப்படியே போல்டை முழுசாக இறுக்கினால் உள்குழல் அந்தத் தொங்கிய கோணத்தில் சட்டத்தோடு பூட்டிக்கொள்ளும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்மின் நீளம் 32 சென்டிமீட்டர், தொங்கும்போது சக்கரம் 8 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் கோணம் 14 டிகிரிக்கு மேல். வண்டியை இறக்கியதும், சும்மா நிற்கும்போதே ரப்பர் 14 டிகிரி முறுக்கில் இருக்கும். வேகத்தடையில் சக்கரம் 6 சென்டிமீட்டர் மேலே போனால் இன்னொரு 11 டிகிரி. சரியாக இறுக்கியிருந்தால் 11 டிகிரி மட்டும் முறுக்க வேண்டிய ரப்பர் 25 டிகிரி முறுக்குகிறது. ஈரத்துணியைப் பிழிந்தபடியே கொடியில் காயப்போடுவது போல, இரவும் பகலும் அந்த முறுக்கிலேயே கிடக்கும். ஒட்டு எத்தனை நாள் தாங்கும்?

செய்ய வேண்டியது சுலபம். வேலை தொடங்குமுன், வண்டி தரையில் நிற்கும்போது, சக்கரத்தின் மையத்தில் இருந்து மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். போல்டுகளைக் கையால் சேரும் அளவுக்கு மட்டும் மாட்டிவிட்டு, ஆர்மின் பால் ஜாயிண்ட் பக்கம் ஜாக்கி கொடுத்து, அதே அளவு வரும்வரை தூக்க வேண்டும். அல்லது சக்கரத்தைப் பூட்டி, வண்டியைச் சக்கரங்கள் ஏறி நிற்கும் ரேம்பிலோ குழியின் மேலோ நிறுத்தி, இரண்டு மூன்று தடவை முன்பக்கத்தை அழுத்தி விட்டு, ஒரு மீட்டர் உருட்டிவிட்டு இறுக்கலாம். முழு இறுக்கம் அப்போதுதான், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு. பூட்டு நட்டு என்றால் புதுசு போடுங்கள். செங்குத்தான போல்டில் நிற்கும் பின்புஷ்ஷுக்கு இந்த முறுக்குப் பிரச்சினை குறைவு, ஆனால் முன்புஷ்ஷுக்கு விதிவிலக்கே கிடையாது. பட்டறையில் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். “அண்ணே, ஆர்ம் போல்டை வண்டியை எறக்கி வச்சிட்டு இறுக்குங்க” என்று ஒரு வரி போதும். தெரிந்த மெக்கானிக் தலையாட்டுவார். “அதெல்லாம் தேவையில்ல” என்று சொல்பவரிடம் வேலையை விடாதீர்கள்.

பாலியூரித்தேன் புஷ் வேறு மாதிரி வேலை செய்யும். அது குழலோடு ஒட்டியிருக்காது, குழலின்மேல் சுற்றும். அதனால் சிலிகான் கிரீஸ் வேண்டும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். கெட்டியானது என்பதால் ரோட்டின் அதிர்வு முழுசும் ஸ்டியரிங்குக்கும் சட்டத்துக்கும் வரும். பந்தய வண்டிக்கு அது நல்ல குணம். பின்புஷ் மெத்தென்று இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த வண்டியில் அதைக் கெட்டியாக்கினால் குழியின் உதை வேறு எங்காவது போய் இறங்கும். பெரும்பாலும் பால் ஜாயிண்டில். தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் ஓடும் வண்டிக்கு ரப்பரே போதும். ‘ஆயுசுக்கும்’ என்ற சொல்லைக் கேட்டாலே நான் கொஞ்சம் பின்வாங்குவேன்.

ஆரல்வாய்மொழி விஷயம் தனி. ஆனி, ஆடி மாதத்தில் அந்தக் கணவாயில் அடிக்கும் காற்றுக்கு எந்தச் சின்ன வண்டியும் அலையும். முப்பந்தலில் காற்றாலைகளைக் காரணமில்லாமலா நட்டிருக்கிறார்கள்? எனவே முதலில் நான்கு டயரின் காற்றையும் டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். பிறகு காற்றில்லாத நாளில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேராகக் கிடக்கும் ரோட்டில், 40 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் அசையுங்கள். முன்பக்கம் திரும்பியபின் பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து வந்து சேர்ந்தால், பின்னச்சின் இரண்டு புஷ்களும் தளர்ந்திருக்கலாம். அலையாவிட்டால் காற்றின் வேலை; விட்டுவிடுங்கள்.

பின்புறப் புஷ்களை மாற்றுவதாக இருந்தால், பின்னச்சின் முன்முனைகளை இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் ஒயர் மூன்றும் இழுபடாமல் கிளிப்புகளை முதலில் கழற்ற வேண்டும். அச்சைத் தாங்க ஸ்டாண்ட் வேண்டும், அதை ஹோஸில் தொங்கவிடக்கூடாது. இந்தப் புஷ்களுக்கும் திசைக்குறி உண்டு. இறுக்கும் விதி இங்கும் அதேதான்.

மழைக்காலம் தொடங்குமுன் துருப்பிடிக்காமல் இருக்க வண்டிக்கடியில் பழைய எஞ்சின் ஆயிலோ டீசலோ அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் என்பதால் வாட்டர் சர்வீஸ் செய்பவர் அன்போடுதான் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; அடிச்சட்டத்துக்கு அது செய்யும் நன்மையைவிட வண்டியில் உள்ள எல்லா ரப்பருக்கும் செய்யும் கெடுதல் பெரிது. குளச்சல், முட்டம் பக்கம் கடலோரமாகப் போய்வந்தால் வெறும் தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவினால் போதும். உப்பு ரப்பரை ஒன்றும் செய்யாது, ஆனால் குழலைத் துருவாக்கும். துரு ரப்பரின் அடியில் படர்ந்து ஒட்டை உரித்துவிடும்.

வேலை முடிந்த அன்றே அலைன்மெண்ட் செய்து, அதற்கு முன்பும் பிறகும் எடுத்த அளவுகளின் பிரிண்டை வாங்கி வையுங்கள். அதன் பிறகும் வண்டி இடது பக்கம் லேசாக இழுத்தால் பதறாதீர்கள். வழுக்கையான அந்த டயரே இழுக்கும். ஓடும் திசை அம்பு போட்ட டயர் இல்லையென்றால் இரண்டு முன் டயர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பு வலது பக்கம் மாறினால் டயர்தான் காரணம், புஷ் வேலை சரி. டிரெட்டின் பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடு இருக்கும்; உள்விளிம்பில் டிரெட் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டிருந்தால் அந்த டயரைப் பின்னால் போட்டும் ஓட்ட வேண்டாம். 500 கிலோமீட்டர் ஓடியபின் ஆர்ம் போல்டுகளை ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே நாளில் அலைன்மெண்டையும் திரும்ப அளந்து, பழைய பிரிண்டோடு ஒப்பிடுங்கள்.